துவாலு போய் வந்தவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

துவாலு என்ற குட்டி நாட்டுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். 2018 பிப்ரவரியில் ஒருமுறை, 2025 ஜூலையில் ஒருமுறை. அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில், அலுவலக டீக்கடையில், வீட்டு வாசலில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

துவாலுன்னு ஒரு நாடா? ஆப்பிரிக்காவுலயா இருக்கு?

இல்லை. பசிபிக் கடலில், ஹவாய்க்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. ஃபிஜியிலிருந்து வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒன்பது தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினால் 26 சதுர கிலோமீட்டர். பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இப்படி ஆறு துவாலுவை வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். மக்கள்தொகை சுமார் 11,000. நம் ஊரில் பல பேரூராட்சிகளில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள்.

முன்பு இது எல்லிஸ் தீவுகள். பக்கத்து கில்பர்ட் தீவுகளோடு சேர்த்து ஒரே காலனியாக பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்தார்கள். 1974-இல் வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்துகொண்டார்கள், 1978 அக்டோபர் 1-இல் விடுதலை. கில்பர்ட் பக்கம்தான் இன்றைய கிரிபாட்டி. துவாலு என்றால் 'எட்டும் சேர்ந்து நிற்பது' என்று பொருள். தீவு ஒன்பதாச்சே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்பதாவதான நியுலாகிட்டாவில் அந்தக் காலத்தில் நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்படி ஒரு இடத்துக்கு யார் சார் போறாங்க?

ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் அரசு வேலை, உதவித் திட்டம், ஆலோசனைக் கூட்டம் என்று வருபவர்கள், இல்லையென்றால் நியூசிலாந்திலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வருபவர்கள். 2018-இல் என்னோடு விமானத்தில் இருந்தவர்களில் ஊர் பார்க்க வந்தவர்கள் என்று நான் கண்டுகொண்டது என்னையும் சேர்த்து நான்கு பேர். மற்றவர்கள் மடியில் கோப்பு வைத்திருந்தார்கள், அல்லது குழந்தை வைத்திருந்தார்கள்.

ஏன் இவ்வளவு குறைவு என்றால், அழகில்லாததால் அல்ல. வாரத்துக்குச் சில நாள்தான் விமானம், அதுவும் எழுபது பேர் உட்காரும் சின்ன விமானம். கடற்கரை விடுதி, தொகுப்புச் சுற்றுலா, வழிகாட்டி எதுவும் கிடையாது. உங்களை மகிழ்விப்பதற்கென்று அங்கே யாரும் சம்பளம் வாங்கவில்லை.

எப்படிப் போறது? நேரா ஃபிளைட் இருக்கா?

நான் போனது திருச்சி – சிங்கப்பூர், சிங்கப்பூர் – ஃபிஜியின் நாந்தி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் சுவா, சுவாவிலிருந்து துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டி. எழுத்தைப் பார்த்தால் 'நாடி' என்று வரும், ஊரார் வாயில் அது நாந்தி. கடைசிக் கட்டம் இறக்கை மேல் காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம், இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஃபுனாஃபுட்டி விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு எஃப்-யூ-என், அதாவது 'ஃபன்'. பெட்டியில் கட்டும் அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நாந்தியில் எப்படியும் அரை நாளாவது காத்திருக்க வேண்டிவரும். விமான நிலையத்திலேயே உட்காராதீர்கள். ஊருக்குள் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. முழுக்க நம் பாணிக் கோபுரம், வண்ணமும் நம் வண்ணம். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர், தெலுங்கர், மலையாளிகளின் பேரப்பிள்ளைகள் கட்டிக் காக்கும் கோயில் அது. பேச்சில் தமிழ் மிகவும் தேய்ந்துபோய்விட்டது, ஆனால் காவடி நிற்கவில்லை. பசிபிக்கின் நடுவில் திருநீறு பூசிக்கொண்டு அடுத்த விமானம் ஏறியது எனக்கு மறக்கவில்லை.

விசா கிடைக்குமா? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எங்க போனாலும் தொல்லைதானே?

இங்கே தொல்லை குறைவு. துவாலுவில் இறங்கியதும் விசா கொடுக்கிறார்கள், ஒரு மாதம் வரை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட விவரமும் கையில் இருக்கட்டும். வழியில் உள்ள ஃபிஜி, இந்தியர்களுக்கு நான்கு மாதம் வரை விசா கேட்பதில்லை. கிளம்புமுன் இரண்டையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், விதிகள் மாறும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டிக்கெட் மலிவு என்று சிட்னி, பிரிஸ்பேன் வழியாகப் போட்டுவிட்டால், விமானம் மாறுவதற்குக்கூட இந்தியர்களுக்கு ஆஸ்திரேலியாவின் டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். அதோடு நம் ஊர் விமான நிலைய கவுண்டரில் இருப்பவருக்குத் துவாலு என்று ஒரு நாடு இருப்பதே தெரிந்திருக்காது. திருச்சியில் என் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் கணினியில் தேடினார்கள். விதியைச் சொல்லும் பக்கத்தை அச்செடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன்.

எத்தனை நாள் இருக்கலாம்? செலவு எக்கச்சக்கமா ஆகுமோ?

நாளை நீங்கள் தீர்மானிக்க முடியாது, விமானம் தீர்மானிக்கும். ஒரு விமானத்தில் போய் அதற்கு அடுத்ததோ அதற்கும் அடுத்ததோ பிடித்துத் திரும்புவது என்றுதான் கணக்கு. முதல் தடவைக்கு ஐந்தாறு நாள் போதும். அதற்கு முன்னும் பின்னும் ஃபிஜியில் இரண்டிரண்டு நாள் ஒதுக்கியே தீர வேண்டும். ஏன் என்று கடைசியில், விமானம் ரத்தாவது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

செலவில் முக்கால் பங்கு டிக்கெட்டுக்கே போகும். சுவாவிலிருந்து போகும் அந்தச் சின்னப் பயணத்தின் விலையைப் பார்த்தால் வயிறு எரியும். போட்டிக்கு ஆள் இல்லாத தடம், அவ்வளவுதான். இறங்கிய பிறகு செலவு செய்ய இடமே இல்லை. தங்குவதற்குச் சில குடும்ப லாட்ஜுகளும் ஒரு ஓட்டலும் உண்டு. மின்னஞ்சலுக்குப் பதில் வர ஒரு வாரம் ஆகும், பதற வேண்டாம். பதிலே வராவிட்டால் போன் போடுங்கள். நம்மைவிட ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

கார்டு எடுக்குமா, கேஷ்தானா?

கேஷ். ஆஸ்திரேலிய டாலர் நோட்டுகள். துவாலுவுக்குச் சொந்த நோட்டு கிடையாது, நாணயம் மட்டும் உண்டு. 2018-இல் நாடு முழுக்க ஒரு ஏடிஎம்கூட இல்லை. முதல் ஏடிஎம் 2025 ஏப்ரலில்தான் வந்தது, பிரதமர் கேக் வெட்டித் திறந்துவைத்தார். இரண்டாம் தடவை நான் போனபோது அது வந்து மூன்று மாதம். உள்ளூர்க்காரர்களே அதைக் கொஞ்சம் மரியாதையோடு தள்ளி நின்று பார்த்தார்கள். நம் கார்டை நம்பி அங்கே போகாதீர்கள், மொத்தச் செலவுக்கும் பணத்தைக் கையில் எடுத்துப் போங்கள்.

சில்லறையில் ஆமை போட்ட ஒரு டாலரோ ஆக்டோபஸ் போட்ட ஐம்பது சென்ட்டோ வந்தால் திருப்பிச் செலவழித்துவிடாதீர்கள். நாட்டுக்கு வெளியே செல்லாது, வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பரிசும் கிடையாது.

அங்க பாக்க என்னதான் இருக்கு?

எல்லோரும் கேட்பது இதுதான். நான் சொல்லும் முதல் பதில்: ஓடுதளம். 1943-இல் ஜப்பானுக்கு எதிரான போருக்காக அமெரிக்கக் கடற்படை தென்னந்தோப்பை வெட்டிப் போட்டது. ஊரிலேயே அகலமான இடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஃபொங்காஃபாலே என்ற அந்தத் தீவு ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்திலேயே 400 மீட்டர்தான். ஆகவே ஊரின் மைதானம், பூங்கா, திண்ணை எல்லாம் அந்த ஓடுதளமே. வேலி கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் தணிந்ததும் ஒரு பக்கம் வாலிபால், ஒரு பக்கம் ரக்பி, நடுவில் மூன்று பேர் ஏறிய பைக், ஓரத்தில் பாயில் உட்கார்ந்து கதை பேசும் பாட்டிமார். புழுக்கம் அதிகமான இரவுகளில் தலையணையோடு வந்து ஓடுதளத்திலேயே படுப்பவர்களும் உண்டு. விமானம் வரும் நாளில் சைரன் ஒலிக்கும், தீயணைப்பு வண்டி ஒரு சுற்றுப் போகும். நாய்கள் உள்பட எல்லோரும் அவசரமில்லாமல் ஓரத்துக்கு நகர்வார்கள். விமானம் போனதும் பந்து மறுபடி நடுவுக்கு வரும்.

அப்புறம் வடக்கே பைக்கில் போங்கள். வாடகைக்குக் கிடைக்கும், நம் ஊர்போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். போகப் போகத் தீவு ஒல்லியாகும். ஓரிடத்தில் சாலையின் அகலமே தீவின் அகலம். இடக்கைப் பக்கம் காயல், கண்ணாடிபோல அசையாமல் இருக்கும். வலக்கைப் பக்கம் பெருங்கடல், பாறையில் மோதி மோதிப் புகையாக எழும். நடுவில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றேன். ஒரு காதில் அமைதி, மறு காதில் இரைச்சல். ஒரு நாட்டின் அகலம் இவ்வளவுதான் என்பதைக் கால் உணர்ந்த இடம் அது.

காயலுக்குள் படகில் போனால் மேற்கு ஓரத்தில் 33 சதுர கிலோமீட்டருக்கு ஒரு காப்புப் பகுதி, ஆளில்லாத ஆறு குட்டித் தீவுகள், கடல் பறவைகள், ஆமைகள். பாதி நாள் போதும். இன்னொன்று, ஊருக்குள் ஒரு துளை இருக்கிறது, பார்க்க ஒன்றுமே இல்லாத துளை. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேலே மேலே வளர்ந்துதான் இப்படி வளையத் தீவு உண்டாகிறது என்று சார்லஸ் டார்வின் 1842-இல் எழுதினார். அது சரியா என்று பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை இங்கே வந்து துளை போட்டது. ஏறக்குறைய 340 மீட்டர் இறங்கியும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை, வந்ததெல்லாம் பவளம்தான். டார்வின் சொன்னது சரி என்று எரிமலைப் பாறையையே தொட்டுக் காட்டியது 1952-இல், வேறொரு தீவில். வழிகாட்டிய பையன், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நான் சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

கஷ்டம்தான், பட்டினி இல்லை. அங்கே சாப்பாடு என்றால் சூரை மீன், தேங்காய், இறக்குமதி அரிசி, புலாகா. புலாகா என்பது சேம்பு வகை. மணலைத் தோண்டி நன்னீர் கசியும் ஆழத்தில் குழி வெட்டி, இலைதழை உரம் போட்டு வளர்க்கிறார்கள். ஒரு குடும்பத்தின் குழி தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்குத்தான். வேகவைத்துத் தேங்காய்ப்பாலில் மசித்தால் நம் சேப்பங்கிழங்கைவிடக் கெட்டியாக இருக்கும். ஃபிஜி பழக்கத்தால் ரொட்டியும் கறிக்குழம்பும்கூடக் கிடைக்கும், ஆனால் கறிக்குள் என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காய்கறிக்குத் தைவான்காரர்கள் உதவியில் நடக்கும் ஒரு தோட்டம் இருக்கிறது. பவளமண்ணில் எதுவும் சரியாக முளைக்காததால் உரமண்ணைத் தயாரித்தே பயிர் செய்கிறார்கள். விற்பனை நாளில் விடியுமுன்னே வரிசை. எனக்கு இரண்டு வெள்ளரிக்காயும் ஒரு கட்டு கீரையும் கிடைத்தன, பொக்கிஷம்போலத் தூக்கிக்கொண்டு வந்தேன். கப்பல் தாமதமானால் கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் காணாமல் போகும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப் போகலாம், ஆனால் ஃபிஜியில் இறங்கும்போது உணவுப் பொருள் இருக்கிறது என்று படிவத்தில் எழுதிவிடுங்கள். மறைத்தால் அபராதம்.

காலேவே கிடைத்தால் விடாதீர்கள். தென்னம்பாளையைச் சீவிக் காலையும் மாலையும் இறக்குவது. முதல் வாய் குடித்ததும் எங்கள் தாத்தா ஊர்ப் பதநீர் நினைவு வந்தது. புளிக்கவிட்டால் கள், காய்ச்சினால் பாகு. மரத்தில் ஏறும் பையன்கள் மேலே உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். கீழே இருப்பவர்களுக்கு, மேலே ஆள் இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம்.

தண்ணி பாட்டில் வாங்கிக் குடிக்கணுமா?

குடிக்க, ஆம். மற்றதற்கு மழைத்தண்ணீர். ஆறு இல்லை, ஏரி இல்லை, நிலத்தடி நீரில் உப்பும் கழிவும் கலந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலிருந்தும் குழாய் இறங்கி ஒரு பெரிய தொட்டிக்குப் போகும். மழை இல்லாவிட்டால் நாடே தவித்துப்போகும். 2011-இல் மாதக்கணக்கில் மழை பொய்த்து அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் விமானத்தில் கொண்டுவந்து இறக்கின.

அதனால் லாட்ஜில் ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடாதீர்கள். ஒரு வாளி, ஒரு குவளை. 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்டர்நெட் எப்படி?

நான் போனபோது வேகம் போதாது, விலை கூட. அப்படிப்பட்ட நாட்டின் பெரிய வருமானங்களில் ஒன்று இணையம் என்பதுதான் வேடிக்கை. நாடுகளுக்கு இணைய முகவரி ஒதுக்கியபோது துவாலுவுக்கு 'டாட் டிவி' கிடைத்தது. உலகத்துத் தொலைக்காட்சிகளும் வீடியோ தளங்களும் அந்த முகவரியைக் காசு கொடுத்து வாங்குகின்றன. அந்தப் பணம் வரத் தொடங்கிய 2000-ஆம் ஆண்டில்தான் துவாலு ஐ.நா.வில் சேர்ந்தது. உறுப்பினர் செலவுக்கு அந்த வருமானம் கைகொடுத்தது.

டிரெஸ், பழக்கவழக்கம் ஏதாவது பார்த்து நடக்கணுமா?

நம் கிராமத்தில் எப்படி நடந்துகொள்வீர்களோ அப்படியே. பெண்கள் முழங்கால் தெரியும் உடை வேண்டாம், கடலில் குளிக்கும்போதும் மேலே ஒரு துணி. ஆண்களும் ஊருக்குள் வெற்றுடம்போடு நடக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் முன்னால் கடந்துபோனால் குனிந்து 'துலோ' என்று சொல்லிப் போக வேண்டும். கால் நீட்டி உட்காரக்கூடாது, சம்மணம். எனக்கு இதெல்லாம் புதிதாகப் படவில்லை. என்னோடு தங்கியிருந்த ஐரோப்பியர்தான் முட்டி வலியில் நெளிந்தார். தனியாகப் பெண்கள் போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். போகலாம், ஊரே பார்த்துக்கொள்ளும், ஊரே விசாரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்கும், எல்லோரும் சர்ச்சில் இருப்பார்கள். சும்மா போய் உட்காருங்கள், பாட்டுக்காகவே. இசைக்கருவி கிடையாது, ஆண்குரல் தரையிலிருந்து எழும்புவதுபோல் இருக்கும். வீடுகளின் வாசலில் கல்லறைகள் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். நிலம் குடும்பத்துக்குச் சொந்தம், இறந்தவர்களும் குடும்பத்தோடுதான்.

கடலில் மூழ்கிக்கிட்டிருக்கிற நாடுதானே? போனா ஆபத்தில்லையா?

நீங்கள் போகும் வாரத்தில் மூழ்காது. புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதைத் தவிர்த்தால் பயமில்லை. நான் முதல் தடவை வேண்டுமென்றே பிப்ரவரியில் போனேன், பெரிய அலைநீர் ஏற்றத்தைப் பார்ப்பதற்காக. கடல் கரையைத் தாண்டி வரும் என்று எதிர்பார்த்து நின்றேன். அது வந்த வழி வேறு. வெயில் அடிக்கும் பகலில், வீட்டின் பின்பக்கம் தரையில் குமிழி விட்டது. காலடியில் ஊற்றுபோலப் பொங்கி, அரைமணியில் கணுக்கால் அளவு. பவளப்பாறை சல்லடை மாதிரி, கடல் கீழேயிருந்தே வரும். கோழிகள் திண்ணைமேல் ஏறிக்கொண்டன. வீட்டுக்கார அம்மாள் செருப்புகளை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாய் முடைந்தார்.

மொத்த நாட்டிலும் உயரமான இடம் ஐந்து மீட்டரைத் தொடாது. ஆனால் படம் கொஞ்சம் சிக்கலானது. 1971-க்கும் 2014-க்கும் இடையே எடுத்த வான்படங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, கடல் மட்டம் உயர்ந்தபோதும் நாட்டின் மொத்த நிலப்பரப்பு சுமார் 3 சதவீதம் கூடியிருப்பதாகச் சொன்னது. அலை ஒரு பக்கம் அரித்து மறுபக்கம் மணலும் பவளத்துண்டும் கொட்டுகிறது. இதைக் கேட்டு 'அப்போ எல்லாம் புரளியா?' என்று குதிப்பவர்கள் உண்டு. நிலம் இருப்பது வேறு, அதில் வாழ முடிவது வேறு. புலாகா குழியில் உப்பு ஏறிவிட்டால் அந்தக் குழி அவ்வளவுதான். இப்போது காயலோரத்தில் ஏழு ஹெக்டேருக்கு மேல் மணலைக் கொட்டிப் புது நிலமே உண்டாக்கியிருக்கிறார்கள்.

மூழ்குறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடணும்ல?

இந்த வாக்கியத்தை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லியிருக்கிறேன், 2018-இல், சாப்பாட்டு நேரத்தில். வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நோயாளி வீட்டுக்குப் போய், 'இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று வந்தேன்' என்று சொல்வோமா?

2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி என்ற ஒப்பந்தம் போட்டார்கள். நல்ல அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்வதற்கு அவர்கள் மொழியில் உள்ள சொல் அது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேறலாம், குலுக்கல் முறையில். முதல் குலுக்கலுக்கு நான் இரண்டாம் தடவை போயிருந்த சமயத்தில்தான் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தாரையும் சேர்த்தால் நாட்டில் பெரும்பாலானோர் பெயர் அதில் இருந்தது. அதே வீட்டுக்காரரைக் கேட்டேன். பிள்ளைகளுக்காகக் கொடுத்திருக்கிறேன், எனக்குக் கிடைத்தாலும் போகமாட்டேன் என்றார். அவர் வாசலில் மூன்று கல்லறைகள் இருக்கின்றன.

மத்த எட்டுத் தீவுக்கும் போகலாமா?

போகலாம், திரும்புவது உங்கள் கையில் இல்லை. உள்நாட்டு விமானம் கிடையாது. அரசுக் கப்பல்தான், நிவாகா-3 அல்லது மனு ஃபொலாவ். கிளம்பும் நாள் கிளம்பும்போதுதான் உறுதியாகும். பல தீவுகளில் கப்பல் கரையை நெருங்க முடியாது, வெளியே நின்றுவிடும். சின்னப் படகில் இறங்கி, பாறைத்திட்டில் வெட்டிய வாய்க்கால் வழியாக அலை பார்த்து உள்ளே நுழைய வேண்டும். நுயி தீவில் பேசுவது கில்பர்ட் மொழி, நனுமெயாவில் போர்க்கால விமான எச்சங்கள், ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர். ஒரு மாதம் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

காலையில் இறங்கி முத்திரை வாங்கிட்டு அதே ஃபிளைட்ல திரும்பிடலாமா? நாடு எண்ணிக்கையில ஒண்ணு கூடும்.

இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது, ஐ.நா. உறுப்பு நாடுகள் 193-ஐயும் தொட்டுவிட வேண்டும் என்று. விமானம் தரையில் நிற்கும் நேரத்தில் அது முடியலாம். தடுக்கச் சட்டம் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன டிக்கெட் விலையைக் கொடுத்து ஒரு தகரக்கூரையை மட்டும் பார்த்துவிட்டு வருவதென்றால், அந்தக் காசுக்கு நல்ல முத்திரையாக நானே செய்து தருகிறேன்.

துவாலுவா, நவுருவா, கிரிபாட்டியா? எதை முதல்ல பாக்கலாம்?

எளிது என்றால் துவாலுதான். நவுரு 21 சதுர கிலோமீட்டர், சுற்றிவரும் சாலை ஏறக்குறைய 19 கிலோமீட்டர், ஒரு நாளில் நடந்தே சுற்றிவிடலாம். ஆனால் விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டும். பாஸ்பேட் எடுப்பதற்காக நடுத் தீவையே சுரண்டிவிட்டார்கள், எஞ்சியிருப்பது கூர்கூரான சுண்ணாம்புத் தூண்கள். ஒரு காலத்தில் தலைக்கணக்கில் உலகப் பணக்கார நாடுகளில் ஒன்று, மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டியது. எல்லாம் கரைந்தது. பேராசையின் விளைவைக் கண்ணால் பார்க்க விரும்பினால் அங்கே போங்கள்.

கிரிபாட்டி (வாயில் 'கிரிபாஸ்') பெரிது. 33 தீவுகள், கிழக்கிலிருந்து மேற்கே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கின்றன. நாட்டின் ஒரு பாதியில் வெள்ளிக்கிழமை, மறுபாதியில் சனிக்கிழமை என்று இருந்ததை 1995-இல் தேதிக்கோட்டையே வளைத்துச் சரிசெய்தார்கள். தலைநகர் தராவாவில் பெத்தியோ கடற்கரையில் 1943 நவம்பர் போரின் ஜப்பானியப் பீரங்கிகள் துருப்பிடித்து நிற்க, அவற்றின்மேல் பிள்ளைகள் துணி காயப்போடுகிறார்கள். தெற்குத் தராவாவில் நெரிசலும் குப்பையும் அதிகம், அதைத் தாங்கும் மனசு வேண்டும்.

ஃபிளைட் கேன்சல் ஆனா? உடம்பு சரியில்லாம போனா?

முன்பு சொன்ன 'முன்னும் பின்னும் இரண்டு நாள்' இதற்காகத்தான். 2018-இல் கிளம்ப வேண்டிய நாளில் கனமழை. சைரன் ஒலிக்கவே இல்லை, அதுவே செய்தி. அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. சிங்கப்பூர் டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தேன், அது போனது போனதுதான். எல்லாக் கட்டங்களையும் முடிந்தவரை ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தடங்கலுக்குப் பணம் தரும் பயணக் காப்பீடும் எடுங்கள். அந்த இரண்டு நாளும் வாலிபாலில் ஆள் குறைவு என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஃபுனாஃபுட்டியில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் ஃபிஜிக்கு அனுப்புவார்கள், அதற்கும் அதே விமானம்தான். தினமும் மாத்திரை போடுபவர்கள் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துப் போங்கள். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

அங்க இருக்கிறவங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

சுவாவில் விமானம் ஏறும்போது மற்றவர்கள் கையைப் பாருங்கள். ஐஸ் பெட்டி, காய்கறி மூட்டை, பேப்பர் டயப்பர். லாட்ஜுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் என்ன வேண்டும், எதைக் கொண்டுவர அனுமதி உண்டு என்று சொல்வார்கள். நான் முதல் தடவை சந்தனப் பிள்ளையார் சிலை கொண்டுபோய் அசட்டு முகத்தோடு கொடுத்தேன். வாங்கி அலமாரியில் வைத்தார்கள். இரண்டாம் தடவை கேட்டு எழுதினேன். வந்த பதில் ஒரே வரி: வெங்காயம், முடிந்தால் பத்துக் கிலோ.